மோட்டார் வைத்த கூலர் வண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் வார இறுதி கிரிக்கெட்டுக்கும் கேம்பிங்குக்கும் போகிற இடத்தில் எல்லாம் இந்த வண்டியைப் பார்த்ததும் நம் ஆட்கள் சுற்றி நின்று கேள்வி கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். வாயால் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

இது என்னங்க, ஐஸ் பெட்டிக்குச் சக்கரம் போட்டு வச்சிருக்கீங்களா?

கிட்டத்தட்ட அதேதான். ஐஸ் போட்டு பானம் வைக்கிற கூலர், அதன் அடியில் ஒரு இரும்புச் சட்டம், சிறிய சக்கரங்கள், முன்னால் ஸ்கூட்டர் மாதிரி ஒரு ஹேண்டில்பார், பின்னால் ஒரு மோட்டார். பெட்டியின் மூடிதான் சீட். அதில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இருக்கிற படியில் கால் வைத்து ஓட்ட வேண்டும். அமெரிக்காவில் 2000களில் குரூசின் கூலர் என்ற பெயரில் விற்ற வண்டிதான் இதைப் பலருக்கும் தெரியவைத்தது. இப்போது வேறு பெயர்களிலும் கிடைக்கிறது, வீட்டிலேயே செய்துகொள்பவர்களும் நிறைய. ஆஸ்திரேலியாவில் ஐஸ் பெட்டியை எஸ்கி என்பார்கள், அங்கே இதற்கு மோட்டார் எஸ்கி என்று பெயர்.

இரண்டு, மூன்று, நான்கு சக்கரம் என்று எல்லா வகையும் உண்டு. எந்த வகையாக இருந்தாலும் இதை முதலில் ஒரு வண்டியாகப் பாருங்கள், பெட்டி என்பது அப்புறம். கீழே நான் சொல்லப்போகும் பாதி விஷயம் அதிலிருந்துதான் வருகிறது.

இதெல்லாம் யாரு வாங்குவா? எங்க ஓட்டுறது?

கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்துக்கு முன்னால் ஸ்டேடியம் கார் நிறுத்தத்தில் கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிடுகிற பழக்கம் இங்கே பெரிது, டெயில்கேட்டிங் என்பார்கள். காரை எங்கோ நிறுத்திவிட்டு அரை மைல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய இடம் அது. கார் பந்தய மைதானங்கள், கேம்பிங் மைதானங்கள், பெரிய பண்ணை வீடுகள், ஏரிக்கரை, இவையும் அதே கதைதான்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பல பல்கலைக்கழகங்களும் மைதானங்களும் மோட்டார் வைத்த கூலர் கூடாது என்று விதியிலேயே போட்டிருக்கின்றன. கூட்டத்துக்குள் ஓட்டி யாராவது காலில் ஏற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் அந்த விதி நியாயமாகத்தான் படுகிறது.

இது ஃப்ரிட்ஜ் மாதிரி தானே கூல் பண்ணிக்குமா?

பண்ணாது. பேட்டரி வண்டியை நகர்த்த மட்டும்தான், குளிர்ச்சி முழுக்க ஐஸிலிருந்து வருகிறது. 12 வோல்ட் கம்ப்ரஸர் வைத்த பெட்டி தனியாக விற்கிறது, விலையும் எடையும் அதிகம். பெல்டியர் என்ற மலிவான வகையும் இருக்கிறது. அது வெளிச் சூடைவிட ஏறத்தாழ 20 டிகிரிதான் குறைக்கும், 40 டிகிரி வெயிலில் உள்ளே 20 என்றால் யாருக்கும் குடிக்கப் பிடிக்காது. தவிர, நகர்த்த வேண்டிய பேட்டரியை அது மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஐஸ் போடுவதுதான் சரி.

எவ்ளோ ஐஸ் போடணும்? காலைல போட்டா சாயங்காலம் வரைக்கும் நிக்குமா?

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 355 மில்லி கேன் 24 என்றால் சுமார் எட்டரை கிலோ திரவம். கடையிலிருந்து 30 டிகிரியில் கொண்டுவந்து அப்படியே உள்ளே போட்டு 4 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 925 கிலோஜூல், அதாவது 2.8 கிலோ ஐஸ் கேனைக் குளிராக்கவே போய்விடும். முந்தின ராத்திரி கேனை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துவந்தால் அந்த ஐஸ் அப்படியே மிச்சம். இதைச் செய்யாமல் பெட்டி சரியில்லை என்று குறை சொல்பவர்கள்தான் அதிகம்.

அடுத்தது சுவர் வழியாகக் கசிகிற வெப்பம். ஒரு இஞ்ச் பாலியூரிதேன் நுரை வைத்த சுவர், மொத்தப் பரப்பு 0.7 சதுர மீட்டர், வெளியே உள்ளே 30 டிகிரி வித்தியாசம் என்றால் சுமார் 20 வாட் உள்ளே வருகிறது. ஒரு நாளுக்கு ஐந்து கிலோ ஐஸுக்கு மேல். சுவர் இரண்டு இஞ்ச் தடிமனாக இருந்தால் இது பாதியாகும், ஆனால் உள்ளே இடமும் குறையும். ஆகவே குளிர்ந்த கேன், ஐந்து கிலோ ஐஸ், நிழலில் நிறுத்தம், இவ்வளவு இருந்தால் காலையில் போட்டது சாயங்காலம் தாராளமாக நிற்கும். வெயிலில் நிறுத்தி ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் மூடியைத் திறந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

உக்காந்துகிட்டே கேன் எடுக்க முடியுமா?

முடியாது, எழுந்துதான் ஆக வேண்டும், ஏனென்றால் உட்கார்ந்திருப்பதே மூடியின் மேல்தான். சிலவற்றில் முன்பக்கம் சிறிய கதவு வைத்திருப்பார்கள், அதன் ரப்பர் ஓரம் வழியாகக் குளிர் போய்விடும்.

மூடிதான் இந்த வண்டியில் அதிக அடி வாங்குகிற பாகம். நூறு கிலோ ஆள் பொத்தென்று உட்காருவார், பள்ளத்தில் இறங்கும்போது இன்னொரு குத்து விழும். மலிவான மூடிகள் உள்ளே வெற்றாக இருக்கும், நுரை இருக்காது. கொஞ்ச நாளில் நடுவில் குழிந்துவிடும், ஓரம் தூக்கிக்கொள்ளும், அந்த இடைவெளியில் ஐஸ் போய்விடும். வாங்கும் முன் மூடியைத் தட்டிப் பாருங்கள். உள்ளே நுரை நிரம்பியிருந்தால் மந்தமாகச் சத்தம் வரும், வெற்றாக இருந்தால் டப்பா சத்தம் வரும். மூடியின் எடை கீல் மேல் இறங்காமல் பெட்டியின் விளிம்பில் இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

பெட்ரோல் வண்டியா பேட்டரி வண்டியா, எது வாங்கலாம்?

பேட்டரி. யோசிக்க ரொம்ப இல்லை. பெட்ரோல் வகையில் 49 சிசிக்கு உட்பட்ட சின்ன எஞ்சின் இருக்கும். தூரம் அதிகம் போகும், நிரப்பினால் உடனே கிளம்பலாம், அந்த இரண்டும் உண்மைதான். ஆனால் சத்தம், புகை, டூ ஸ்ட்ரோக் என்றால் எண்ணெய் கலக்கிற வேலை, எல்லாவற்றுக்கும் மேல் சாப்பாட்டுப் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி பெட்ரோல் டேங்க். கேரேஜை மூடிவைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் ஆளைக் கொல்லும். கேம்பிங் மைதானங்களில் ராத்திரி இந்தச் சத்தத்தை யாரும் பொறுத்துக்கொள்வதில்லை.

எவ்ளோ ஸ்பீடு போகும்?

சாதாரணமாக மணிக்கு 15 முதல் 25 கி.மீ. வரை. விளம்பரத்தைப் பார்த்து முடிவு பண்ணாமல் நீங்களே கணக்கிடலாம். 24 வோல்ட், 500 வாட் பிரஷ் மோட்டார் முழுச் சுமையில் நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றும் என்று வையுங்கள். மோட்டார் பல்சக்கரத்தில் 11 பல், பின்சக்கரத்தில் 55 பல் என்றால் சுற்று ஐந்தில் ஒரு பங்காகக் குறையும், சக்கரம் 500 சுற்று. பத்து இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 80 செ.மீ. போகும், ஆக நிமிடத்துக்கு 400 மீட்டர், மணிக்கு 24 கி.மீ.

பின்பல்லைச் சின்னதாக மாற்றி வேகத்தைக் கூட்டுகிறேன் என்று சிலர் வருவார்கள். வேகம் கூடும், இழுவை அதே அளவு குறையும், மோட்டார் சூடாகும், அப்புறம் கவிழ்வதைப் பற்றிக் கீழே வருகிற கேள்வியில் சொல்லியிருப்பது உங்களுக்கும் நடக்கும்.

ஒரு சார்ஜுக்கு எத்தன மைல் வரும்?

எந்தத் தரையில் என்று கேட்க வேண்டும். ஆள் 75 கிலோ, வண்டி 35, உள்ளே இருப்பது 20, மொத்தம் 130 கிலோ என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு 12 வோல்ட், 12 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி, பெட்டியில் எழுதியிருக்கிறபடி 288 வாட்-மணி. அந்த 12 ஆம்பியர்-மணி என்பது 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. புல்தரையில் சின்னச் சக்கரம் அமுங்கி அமுங்கிப் போகும்போது 15 ஆம்பியர் வரை இழுக்கும், அந்த வேகத்தில் எடுத்தால் பேட்டரி பாதிதான் கொடுக்கும். இருபத்தைந்து நிமிடம், ஆறு கி.மீ., அதாவது நாலு மைலுக்குள்.

தார் ரோட்டில் இழுக்கும் விசை பாதிக்கும் கீழே போய்விடும், அங்கே அதே பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் தூரம் தரும். டயரில் காற்று குறைவாக இருந்தால் தார் ரோடும் புல்தரை மாதிரிதான். கிளம்பும் முன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள், பேட்டரிக்குச் செலவு பண்ணுவதைவிட அதில் பலன் அதிகம்.

லித்தியம் பேட்டரி மாத்திட்டா?

மாற்றலாம், என் அபிப்பிராயத்தில் இந்த வண்டிக்கு இதைவிட நல்ல மேம்பாடு கிடையாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, எட்டு செல், 25.6 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். வேகமாக எடுத்தாலும் எழுதியிருக்கிற அளவை ஏறக்குறைய முழுசாகக் கொடுக்கும், எடை பாதிக்கும் கீழே. ஈய அமிலம் ஆழமாகத் தீர்த்து ஏற்றினால் சில நூறு தடவைக்குள் களைத்துவிடும், இது ஆயிரக்கணக்கில் தாங்கும்.

இரண்டு எச்சரிக்கை. பழைய சார்ஜரை இதில் மாட்டக் கூடாது, 29.2 வோல்ட்டில் நிற்கிற லித்தியம் சார்ஜர் தனியாக வாங்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால் செல் உள்ளேயே கெட்டுவிடும், வட மாநிலங்களில் கேரேஜில் வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் இதை மறக்கக் கூடாது.

மேடு ஏறுமா? பின்னாடி ஒரு டிரெய்லர் மாட்டிக்கலாமா?

நூறு அடிக்குப் பத்து அடி ஏறுகிற மேட்டில், மேலே சொன்ன 130 கிலோவுக்கு ஏற்றத்துக்கு மட்டும் 13 கிலோ இழுவை கூடுதலாக வேண்டும், அது புல்தரை இழுவையைப் போல இரண்டு மடங்கு. 500 வாட் மோட்டார் நடக்கிற வேகத்தில் ஏறிவிடும். நின்றுபோனால் ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள், சுற்றாத மோட்டாரில்தான் கரண்ட் உச்சத்துக்குப் போகும், கருகிய வாசனை வந்தபின் ஒன்றும் செய்ய முடியாது. இறங்கித் தள்ளுங்கள்.

டிரெய்லர் சமதளத்தில் பரவாயில்லை. ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். பிரேக் கூலரில் மட்டும் இருக்கிறது, பின்னால் இருக்கிற சுமை முட்டித் தள்ளி வண்டியைக் குறுக்கே திருப்பிவிடும். டிரெய்லரில் ஆளை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

கவிழ்ந்துடுமா சார்? பாத்தா ஆடுற மாதிரி இருக்கு.

கவிழும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நீங்கள் உட்கார்ந்ததும் உங்களையும் சேர்த்த எடையின் மையம் தரையிலிருந்து சுமார் 65 செ.மீ. உயரத்துக்குப் போய்விடுகிறது. சக்கரங்களுக்கு நடுவே அகலம் 40 செ.மீ.தான், பாதி 20. நாலு சக்கர வண்டிக்கே இதை வைத்துக் கணக்கிட்டால், 18 கி.மீ. வேகத்தில் எட்டு மீட்டர் ஆரத்துக்குள் திரும்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கும். பத்து கி.மீ. வேகத்தில் அந்த வரம்பு சுமார் இரண்டரை மீட்டர்தான். வேகம் இரட்டிப்பானால் திரும்ப நாலு மடங்கு இடம் வேண்டும் என்பதுதான் விஷயம். முன்னால் ஒரே சக்கரம் இருக்கிற மூன்று சக்கர வண்டியில் இன்னும் மோசம், பிரேக் பிடித்தபடியே திரும்பும்போது முன்மூலை வழியாகச் சாய்ந்துவிடும். இரண்டு சக்கர வண்டியில் நீங்களே சாய்ந்து சமாளிக்கலாம், ஆனால் நிற்கும்போது கால் ஊன்ற வேண்டும்.

பிரேக்கும் இதே கதை. வண்டி நீளம் குறைவு, மையம் உயரம், முன்சக்கரத்தில் பலமாகப் பிடித்தால் ஆள் ஹேண்டில்பார் மேலே போவார். அதனால்தான் பல வண்டிகளில் பிரேக் பின்னால் மட்டும் இருக்கிறது, நிற்கக் கொஞ்சம் தூரம் எடுக்கும், அதற்கேற்ற வேகத்தில் போக வேண்டும். இன்னொன்று, ஐஸ் உருகி உள்ளே ஏழெட்டு லிட்டர் தண்ணீர் நின்றால் திருப்பத்தில் அது ஒரு பக்கமாக ஓடி உங்களையும் இழுக்கும். வீட்டுக் கூலரில் குளிர்ந்த தண்ணீரை விட்டுவைப்பது நல்லது என்பார்கள், இதில் மட்டும் ஓட்டும் முன் வடித்துவிடுங்கள். கேன்களையும் இறுக்கமாக அடுக்குங்கள். ஹெல்மெட் போடுங்கள்.

அந்தத் தண்ணி மோட்டார்ல பட்டு ஷாக் அடிக்குமா?

24 வோல்ட்டில் ஷாக் அடிக்காது. ஆனால் மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து கொடுக்கிற கண்ட்ரோலர் போய்விடும். வடிகால் மூடி எங்கே இருக்கிறது என்று வாங்கும்போதே குனிந்து பாருங்கள், பேட்டரிக்கு மேலே திறந்தால் அது வடிவமைப்புக் கோளாறு. குளிர்ந்த அடிப்பக்கத்தில் வெளியே ஈரம் வியர்த்துச் சொட்டும், அதுவும் நேராகக் கீழே இருக்கிற கண்ட்ரோலர் மேல்தான் விழும். ஒரு பிளாஸ்டிக் தகடு சாய்வாக வைத்தால் போதும். கடற்கரைக்குக் கொண்டுபோனால் வந்ததும் சங்கிலியை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் போடுங்கள்.

பையன் ஓட்டணும்னு அடம் பிடிக்கிறான். ரெண்டு பேரா உக்காரலாமா?

இரண்டு பேர் கூடவே கூடாது. கவிழ்வதைப் பற்றிச் சொன்னதில் வந்த எடையின் மையம் இன்னும் பின்னாலும் மேலேயும் போகும், ஏறும்போது முன்சக்கரம் தூக்கும். சின்னப் பையன்களுக்கும் நான் கொடுப்பதில்லை, எத்தனை அழுதாலும். காரோட்டத் தெரிந்த வயது வந்தபின், வேக வரம்பு பொத்தானைக் குறைந்ததில் வைத்து, ஆள் இல்லாத இடத்தில் ஓட்டட்டும்.

எங்க சப்டிவிஷன் ரோட்ல ஓட்டினா போலீஸ் பிடிப்பானா?

பிடிக்கலாம். பொது ரோட்டில் ஓட்ட வண்டிக்குப் பதிவு வேண்டும், பதிவுக்கு 17 எழுத்து வாகன அடையாள எண் வேண்டும், இன்டிகேட்டர், கண்ணாடி, விளக்கு எல்லாம் வேண்டும். இதில் எதுவும் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் விதி மாறும், ஆனால் இதை ஓட்டத் தோதான இடம் தனியார் நிலம், அதுவும் அனுமதியோடு. பிரிட்டனில் இன்னும் கண்டிப்பு. அங்கே இது மோட்டார் வாகனக் கணக்கில்தான் வரும், நடைபாதையில் ஓட்டக் கூடாது என்பதற்கு 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தையே இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ரெண்டு பீர் போட்டுட்டு ஓட்டினா கேஸ் வருமா? இது கார் இல்லையே!

வரும். அமெரிக்காவில் பல மாநிலச் சட்டங்களில் வாகனம் என்பதற்கு அர்த்தம் ரொம்ப அகலம், புல்வெட்டும் வண்டியிலும் கோல்ஃப் வண்டியிலும் போனவர்கள் மேலேயே குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு வந்திருக்கிறது. பொதுமக்கள் வந்துபோகிற கார் நிறுத்தம் தனியார் இடமாக இருந்தாலும் பல மாநிலங்களில் தப்பிக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் மோட்டார் எஸ்கி ஓட்டியவர்களே குடிபோதை வழக்கில் நீதிமன்றம் போயிருக்கிறார்கள். விசாவில் இருக்கிற நம் ஆட்களுக்கு இப்படி ஒரு கைது என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, விசாவே ரத்தாகலாம்.

பீர் பெட்டி மேலேயே உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி என்பதால் இந்தச் சபலம் வண்டியோடு சேர்ந்தே வருகிறது. எங்கள் குழுவில் வழக்கம் இதுதான்: ஓட்டுகிறவர் அன்றைக்குக் குடிப்பதில்லை, முதல் கேன் திறந்ததும் சாவி அவரிடம் போய்விடும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கூட்டத்தில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

வீட்லயே செஞ்சுக்கலாமா? பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒண்ணு கிடக்கு.

வெல்டிங் தெரிந்தால் செய்யலாம். எல்லாரும் செய்கிற தப்பு, பிளாஸ்டிக் பெட்டியிலேயே ஓட்டை போட்டு அச்சை முடுக்குவது. பெட்டி சுமை தாங்கச் செய்ததில்லை, ஓட்டை வழியாகத் தண்ணீர் நுரைக்குள் போய் ஊறினால் குளிர் நிற்கவும் நிற்காது. ஒரு இஞ்ச் சதுரக் குழாயில் முழுச் சட்டம் செய்து, பெட்டியை அதன் மேல் உட்காரவைத்துப் பட்டையால் கட்டுங்கள். கழற்றிக் கழுவவும் வசதி.

பேட்டரியை எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள், சக்கர அகலத்தைக் கூட்டுங்கள், ஏன் என்று மேலேயே சொல்லிவிட்டேன். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு நிறுத்து பொத்தான், பிரேக் பிடித்ததும் மோட்டாரை அணைக்கிற சுவிட்ச் (பழைய ஸ்கூட்டரின் பிரேக் லீவரிலேயே பெரும்பாலும் இருக்கும்), சங்கிலிக்கு மூடி. இந்த நாலும் இல்லாமல் ஓட்டிப் பார்க்காதீர்கள்.

ஊருக்குப் போகும்போது கொண்டுபோனா தோட்டத்துல ஓட்டலாமே?

விமானத்தில் பேட்டரி போகாது. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் கொண்டுபோக முடியாது, 12 வோல்ட் ஈய பேட்டரிக்கு வரம்பு 100 வாட்-மணி, நம்முடையது ஒவ்வொன்றும் 144. பேட்டரியை இங்கேயே விட்டுவிட்டு அங்கே வாங்கிப் போடலாம், சொந்தத் தோட்டத்துக்குள் ஓட்டலாம். ரோட்டுக்கு வந்தால் இந்திய விதிப்படி பதிவு தேவையில்லாத மின் வண்டி என்பது 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்டு, சோதனை நிறுவனத்தின் ஒப்புதலும் வாங்கியதாக இருக்க வேண்டும். 500 வாட் கூலர் அதில் வராது.

செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வந்திருக்கு. என்ன பாத்து வாங்குறது?

மூடியைத் தட்டுவது, வடிகாலைப் பார்ப்பது இரண்டையும் மேலே சொன்னேன். அதோடு ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். ஈய பேட்டரி ஒவ்வொன்றும் சும்மா இருக்கும்போது 12.8 வோல்ட் காட்டலாம், அதை நம்பாதீர்கள். நீங்கள் உட்கார்ந்து ஒரு மேட்டில் ஓட்டும்போது இன்னொருவர் கூடவே நடந்து மீட்டரைப் பார்க்கட்டும், பத்தரைக்குக் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்தது, அந்தக் காசை விலையில் கழித்துக் கேளுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்றால் பேரிங் போயிருக்கிறது. மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாசனை சோடா உப்பில் போய்விடும், பெட்ரோல் வாசனை பிளாஸ்டிக்கில் ஏறினால் போகாது, அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.